மூன்று சவரன் புளி

அம்மா இறந்து, மாதப் பூசையும் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் அவரவர் வீட்டைப் பார்க்கப் போன பிறகு, அப்பா என்னிடம் முதன்முதலாகக் கேட்ட பொருள் ஒரு தராசு. "சமையலுக்கு எடை போடுற மிஷின் விக்கிறானாமே பாப்பா, ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிச் சம்பளம் வாங்குகிறேன். அவருக்கு இன்னும் பாப்பாதான். எதற்கு என்று கேட்டேன். மீன் குழம்பு வைக்க என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி ஆறிப்போனால்கூட அம்மாவைக் கூப்பிட்டுத்தான் சூடு பண்ணச் சொல்லுவார். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. அம்மா போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குக் கேரியரில் கொண்டுவந்து வைப்பது அப்படியே இருக்கும். தயிர்ச் சோறு, ரொட்டி, பிஸ்கட், அவ்வளவுதான். சட்டை தோளில் நிற்கவில்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், பூசைக்கு வந்த பாதிரியாரை விட்டும் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அப்பா சொன்னார்: "அவ வெச்ச மாதிரி ஒரே ஒரு தரம் அந்தக் குழம்பு வந்துடட்டும் பாப்பா. அதுக்கப்புறம் நீ எது போட்டாலும் சாப்பிடுறேன்."

சின்னப் பிள்ளை பேரம் பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் வாக்கு கொடுத்தால் காப்பாற்றுகிறவர். ஆகையால் நானும் ஒப்புக்கொண்டேன்.

அப்பா தன் வேலைக்காலம் முழுவதையும் தி.நகரில் ஒரு நகைக்கடையின் எடைத் தராசுக்குப் பின்னால் கழித்தவர். விற்கிற இடத்தில் அவரை நிறுத்த மாட்டார்கள். "இந்த மாடல் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று ஒரு வாக்கியம் அவர் வாயில் வராது. ஆனால் எடை என்று வந்துவிட்டால் முதலாளியே வாயை மூடிக்கொள்வார். மின்விசிறிக் காற்றில் எண் ஆடும் என்று விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடை போடுவார். தராசுக்குப் பக்கத்தில் யாரும் மூச்சு விடுவதுகூட அவருக்குப் பிடிக்காது. வீட்டிலும் எதைக் கையில் எடுத்தாலும் ஒரு தரம் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் தராசு வாங்கினேன். மேலே கண்ணாடித் தட்டு, கீழே எண் ஓடும். அப்பா அதைக் கண்ட மாத்திரத்தில் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். அது சரியாக அரைச் சவரன், நாலு கிராம். தராசு நாலு என்றது, பிறகு மூன்று என்றது, மறுபடி நாலு என்றது. "களவாணிப் பய மிஷின்" என்றார். ஆனாலும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு, "சரி, அம்மா என்னென்ன போடுவா, சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அம்மா எதையும் எழுதி வைத்தவள் இல்லை. நான் கல்யாணமாகிப் போகும்போது அடுப்படியில் நிற்கவைத்து வாயால் சொன்னதுதான். எலுமிச்சம்பழம் அளவு புளி. தூள் டப்பாவில் கிடக்கும் கரண்டியால் இரண்டு கரண்டி குழம்புத் தூள். அரை மூடித் தேங்காய். ஒரு பிடி சின்ன வெங்காயம். நாலைந்து பல் பூண்டு. ஒரு கை கல்லுப்பு. இதை வைத்துக்கொண்டு நான் என் வீட்டில் இத்தனை வருஷமாகக் குழம்பு வைக்கிறேன். ஓரளவுக்கு வரும். அப்பாவுக்கு அந்த ஓரளவு வேண்டாம். "பழத்துல என்னா பழம்? சின்னப் பழமா, பெரிய பழமா?" என்றார்.

குளத்தங்கரைப் பக்கம் போய் மூன்று விதமான எலுமிச்சம்பழம் வாங்கிவந்தோம். நான் நடுத்தரமான ஒன்றைக் கையில் எடுத்து, அம்மாவின் புளி உருண்டை இவ்வளவுதான் இருக்கும் என்றேன். அப்பா புளியில் கொட்டை, நார், ஓடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தப் பழத்தின் அளவுக்கு உருட்டினார். பிறகு தராசில் வைத்தார். இருபத்து நாலு கிராம் காட்டியது. "மூணு சவரன்" என்று அறிவித்தார். அவருக்குக் கிராம் என்பது வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற கணக்கு, மனசுக்குள் எல்லாம் சவரன்தான். நான் மூன்று சவரனில் அம்மா எனக்குப் போட்ட சங்கிலியை நினைத்துக்கொண்டேன்.

புளியாவது பரவாயில்லை. உருட்டினால் உருண்டையாக நிற்கும். தூள் அப்படி நிற்கவில்லை. மில்லில் அரைத்துவந்த அன்று கரண்டியில் எடுத்தால் ஒரு எடை, டப்பாவில் அமுங்கிக் கிடந்த பிறகு அதே கரண்டியில் எடுத்தால் இன்னொரு எடை. கரண்டியைத் தட்டி எடுப்பாளா, குவித்து எடுப்பாளா என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் கரண்டியைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தேங்காய்த் துருவல் அதைவிட மோசம். லேசாக அள்ளினால் ஒரு கிண்ணம், அழுத்தினால் அதே கிண்ணத்தில் இன்னும் பாதி பிடிக்கும். நகைக்கடை முறைப்படி விசிறியை வேறு நிறுத்திவிட்டார். மே மாத வெயிலில், விசிறி இல்லாத அடுப்படியில், நானும் அப்பாவும் மிளகாய்த் தூளுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடைசியாக உப்பு. ஒரு கை என்றால் யார் கை? எனக்கு அம்மாவின் கை என்று எல்லோரும் சொல்வார்கள். அதே குட்டை விரல், அதே அகலமான உள்ளங்கை. ஆகையால் என் கையே அளவு என்று முடிவாயிற்று. கல்லுப்பை நான் வழக்கமாக எடுக்கிறபடி விரல்களை மடக்கி அள்ளித் தட்டில் போட்டேன். பதினாலு கிராம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இவ்ளோவா?" என்றார். இவ்வளவுதான்ப்பா என்றேன். பதினாலு என்று வாய்க்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். எடை போட்டது அத்தனையும் அதன்படியே. கொதி வந்தபோது வீடு முழுக்க அம்மா வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ருசி பார்த்தேன், அம்மாவேதான். இனி இவர் சாப்பிட ஆரம்பித்துவிடுவார் என்று நிம்மதியாகப் பரிமாறினேன். அப்பா ஒரு வாய் வைத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரை எடுத்தார். "உப்பு கரிக்குது பாப்பா. பூண்டு பத்தலை. புளி இன்னும் ஏறணும். இது இல்ல" என்றார்.

அடுத்த வாரம் உப்பைப் பத்து கிராமுக்கு இறக்கினார், பூண்டை இரண்டு மடங்காக்கினார், புளியில் அரைச் சவரன் ஏற்றினார். எனக்கு அது குழம்பாகவே தெரியவில்லை. எங்கள் அம்மா இவ்வளவு பூண்டு போட்டு நான் கண்டதே இல்லை. அவள் குழம்பு நாக்கில் நிற்கும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் இன்னும் எடுப்பாக இருக்கும். இது சப்பென்று, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. சொன்னேன். அவரோ, "இப்பதான் கொஞ்சம் கிட்ட வந்திருக்குது" என்றார். அதற்கடுத்த வாரம் அவர் கவனிக்காத நேரம் நான் உப்பைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரு வாயில் கண்டுபிடித்துவிட்டார். அவர் இறக்குவார், நான் ஏற்றுவேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே இழுபறி.

மீன்காரம்மாவே கேட்டுவிட்டாள். "இன்னாக்கா, வாராவாரம் சங்கராவே வாங்கிகினு போற. வூட்ல வேற மீனே துன்ன மாட்டாங்களா?" அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, அவருக்காக என்று சொன்னேன். எங்கள் அம்மாவை அவளுக்குத் தெரியும். செவுளைக் கிள்ளிப் பார்க்காமல் மீன் வாங்கியவள் இல்லை அம்மா. "பெருசு இன்னும் துன்னாமதான் கீதா?" என்று கேட்டுவிட்டு, எடைக்கு மேலே ஒரு மீனைத் தூக்கிப் பைக்குள் போட்டாள்.

உண்மையில் எனக்கு உள்ளுக்குள் ஒரு தீர்மானம் வந்துவிட்டது. அப்பாவுக்கு நாக்கு போய்விட்டது, வயசு. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். வயதானால் ருசி மட்டுப்படும் என்றார் அவர். ஆனால் அப்படி மட்டுப்பட்டால் உப்பு பத்தவில்லை, காரம் பத்தவில்லை என்றுதான் கேட்பார்கள், கரிக்கிறது என்று சொல்ல மாட்டார்களே என்று அவரே யோசித்தார். எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அப்பாவுக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஓட்டல் சாப்பாடு, என் வீட்டுச் சாப்பாடு எல்லாமே எப்போதும் கரிக்கும். "ஊர்ல எவனுக்கும் உப்பு போடத் தெரியல, உங்கம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்" என்பார். பொண்டாட்டி பேரில் அப்படி ஒரு பாசம் என்று பிள்ளைகள் நாங்கள் கேலி பண்ணுவோம்.

ஒருநாள் பேச்சு முற்றிவிட்டது. என் புகுந்த வீட்டு ருசி எனக்கு ஒட்டிக்கொண்டது, அம்மா சமையல் எனக்கு மறந்துவிட்டது என்று அவர் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்கு ஒண்ணும் மறக்கலப்பா, உங்க நாக்குதான் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். தட்டில் விரலால் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ மொகம் போட்டோவுல இருக்குது. கொரலு உன் போன்ல இருக்குது. இது மட்டும்தான் வேற எங்கயும் இல்ல பாப்பா. இதுவும் என்னை விட்டுப் போச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?" என்றார். அன்றைக்கு நான் அடையாறுக்குத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டேன்.

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் சித்தியைக் கூப்பிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அம்மாவுக்கு நேர் இளையவள். அக்காவும் தங்கையும் ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் பத்து நாள் தங்காமல் போகமாட்டாள். அவள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும், யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். அப்பாவும் சம்மதித்தார். அவருக்கும் ஒரு நடுவர் வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு இரண்டு சட்டியில் குழம்பு வைத்தேன். ஒன்று என் கணக்கு, பதினாலு கிராம் உப்பு. இன்னொன்று அப்பா கணக்கு, அது அதற்குள் ஏழு கிராமுக்கு வந்திருந்தது. சித்தி ஆட்டோவில் வந்து இறங்கி, மூட்டு வலியில் முனகிவிட்டு, சோற்றைப் பிசைந்தாள். என்னுடையதை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "அக்காதான்" என்றாள். "அப்படியே அக்காதான்." எனக்கு வெற்றி. ஆனால் அப்பாவைப் பார்த்தபோது அந்த வெற்றி எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியில் அப்படியே தளர்ந்துபோனார். "அப்ப எனக்குத்தான் மறந்துடுச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

சித்திக்கு அது தாங்கவில்லை. அவள் அப்பாவின் கணக்கில் வைத்த குழம்பையும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் மறக்கல மாமா" என்றாள். "இதுவும் அக்கா வெச்சதுதான். இது உங்களுக்கு வெச்சது."

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. சித்தி சிலுவை போட்டுக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கோக்கா" என்று அம்மாவின் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா ஒருநாள் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோதே மயங்கி உட்கார்ந்துவிட்டார். ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர், உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். இதெல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அம்மா உப்புக் குறைத்து வைத்த குழம்பை அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "செத்தாலும் உப்போடதான் சாவேன், எனக்கு இது வேணாம்" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார். சரி, உங்க இஷ்டம் என்று அம்மா சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அப்பா அதை வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொல்லுவார். டாக்டர் சொன்னதைக் கேட்கவே இல்லை, அத்தனையும் சாப்பிட்டேன், பார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார் தட்டுவார். ஒரே ஒரு சின்ன மாத்திரை. எண்பதை நெருங்கும் வரைக்கும் கொதிப்பு ஏறவே இல்லை.

"ஏறாம இருக்குமா?" என்றாள் சித்தி. அடுத்த வாரத்திலிருந்து அம்மா குழம்பு கூட்டியதும், உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு பங்கை எடுத்துச் சின்ன மண்சட்டியில் ஊற்றிவிடுவாளாம். அதில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு. அவருக்குத் தெரியவில்லை. சில மாதம் போனதும் இன்னொரு சிட்டிகை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஏதாவது சந்தேகம் வந்த மாதிரி இருந்தால் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிடுவாள். உப்பு இறங்க இறங்க, அந்தச் சட்டியில் மட்டும் பூண்டைத் தட்டிப் போட்டாள், புளியைக் கூட்டினாள், தேங்காயைச் சிவக்க வறுத்துச் சேர்த்தாள். குழம்பு மட்டும் இல்லை, பொரியல், ரசம், முட்டை, எல்லாமே அப்படித்தான். அப்பாவின் நாக்கைக் கைப்பிடித்துப் படிப்படியாக இறக்கிக் கூட்டிவந்துவிட்டாள். "சொன்னா அன்னைக்கே தட்டத் தள்ளிடுவாருடி, நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சு" என்றாள் சித்தி.

அந்த மண்சட்டி எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுது, கை வைக்காதே என்று அம்மா சொல்லுவாள். அவருடைய மத்தியானக் கேரியரும் அதிலிருந்துதான். கடை மூடி அவர் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு முதலில் பரிமாறி, அவர் எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம். அப்பாவுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். எங்களுக்கெல்லாம் கல்யாணமாகி, அவர் வேலையை விட்டு, இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருந்தபோதும் அந்த இரண்டு சட்டி இருந்தது. எதற்கு இரண்டு என்று அப்பாவே கேட்டிருக்கிறார். உங்களுக்கு மண்சட்டியில வெச்சாத்தான் பிடிக்கும், எனக்கு எதுவா இருந்தா என்ன என்றாளாம். அதையும் அவர் எங்களிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

அப்பா இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தி பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவார் என்று நானும் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அவ எதுலேர்ந்து போட்டுச் சாப்பிடுவா?"

"பெரிய சட்டியிலதான் மாமா. பசங்களோட."

"அப்ப அதுக்கப்புறம் நானும் அவளும் ஒரே குழம்ப சாப்பிட்டதே இல்லயா?"

இந்த மனிதர் எத்தனை பேரிடம் அவள் கைமணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாங்கள் சாப்பிட்ட அம்மா சமையலை அத்தனை வருஷமாக அவர் சாப்பிடவே இல்லை. அவருக்கு அவள் வைத்துக் கொடுத்ததை நாங்கள் யாரும் தொட்டதில்லை. அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. அம்மா இதையெல்லாம் தனியாகவே செய்திருக்கிறாள். ஒரு வேளைகூடத் தவறாமல், இரண்டு ருசியை ஒரே அடுப்பில் வைத்து, அவர் ஜெயித்ததாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் பாத்திரம் கழுவியிருக்கிறாள். நல்லா பண்ணினே என்று அவளிடம் சொல்ல ஆள் இல்லை. இப்போது சொல்லலாம் என்றால் அவள் இல்லை. எத்தனையோ விஷயத்துக்கு வருத்தப்பட்டிருக்கிறேன். இந்த வருத்தம் எதனாலும் ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

சித்தி போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். "இனிமே உங்க கணக்குப்படியே வெச்சுடறேன்ப்பா. ஏழுன்னா ஏழு, ஆறுன்னா ஆறு. நான் வாயே தொறக்க மாட்டேன். வந்துடும்." உண்மையாகவே அது கிட்டத்தில்தான் இருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் அவரே எடை போட்டுக் கண்டுபிடித்திருப்பார்.

அப்பா தலையை ஆட்டினார். "வேணாம் பாப்பா. அது எனக்குன்னு வெச்சது. அவ சாப்பிட்டத வை."

அடுத்த ஞாயிறு என் கணக்கிலேயே வைத்தேன். மூன்று சவரன் புளி, பதினாலு கிராம் உப்பு. அவர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் எதிரில் நிற்க, என்னையும் உட்காரச் சொல்லி எனக்கும் தட்டு வைக்கச் சொன்னார். ஒரு வாய் வைத்தார். மென்றார். இந்தத் தடவை டம்ளரைத் தேடவில்லை. இன்னொரு வாய். யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவர்கள் பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, பொறுமையாகத் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார்.

"நல்லா இருக்குது பாப்பா" என்றார். பிறகு, "ஆனா இவங்கள எனக்குத் தெரியல" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரமும் இதையே வை. பழகிக்கிறேன்."

வாக்குக் கொடுத்தபடி இப்போது எல்லாம் சாப்பிடுகிறார். கேரியர் காலியாகத் திரும்புகிறது, சட்டை தோளில் நிற்கிறது. ஆனால் கொதிப்பு ஏறியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னைத்தான் முறைத்தார். அப்பாவிடம் சொன்னேன். "அவ சாப்பிட்டதுதானே" என்கிறார். அம்மா வழிதான் எனக்கும் தெரிந்த வழி என்று, பேசாமல் குறைத்துப் பார்க்க முடிவு செய்தேன்.

முடியவில்லை. அம்மாவின் அடுப்படியில் எல்லாம் கை, பிடி, சிட்டிகை. அதில் ஒரு சிட்டிகையை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த அடுப்படியைக் கிராமுக்கு மாற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா விசிறியை நிறுத்திவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் உப்பைக் கொஞ்சம் குறைவாக அள்ளித் தட்டில் வைத்தேன். எடுத்துச் சட்டியில் போடப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பன்னெண்டுதான் காட்டுது" என்றார்.

"போதும்ப்பா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவளுக்குப் பதினாலு. ரெண்டு கொறையுது பாப்பா, போடு."

அவர் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சினார். அம்மா வருஷக்கணக்கில் ஒவ்வொரு சிட்டிகையாக, யாருக்கும் தெரியாமல் எடுத்துவைத்த உப்பை, அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் திரும்பப் போட்டேன்.